"ஓ.டி. கட்டாயமா தங்கச்சி?": மட்டக்களப்பில் ஒரு தணிக்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஆவணியில் கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போயிருந்தேன். தேர் இருப்புக்கு வந்து சனம் கலைகிற நேரம், காப்புக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "நீங்கதானே எங்கட ஓ.டி.ய வெட்டின மிஸ்?"

திரும்பிப் பார்த்தால் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளை ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு. முகம் ஞாபகம் இருந்தது, பெயர் ஞாபகம் இல்லை. கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் அந்த இடத்தில் கால் நிற்கவில்லை.

நான் யாருடைய ஓ.டி.யையும் (மேலதிக நேர வேலையை) வெட்டியவள் இல்லை. மூன்று மாதத்துக்கு முன், அவள் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைக்கு ஒரே ஒரு நாள் மொழிபெயர்ப்பாளராகப் போனேன், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வந்து அன்றைக்கு எழுதிய கொப்பியைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அவள் சொன்னதில் பாதி சரி என்று விளங்கியது. அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டை

கொழும்பிலுள்ள ஒரு தணிக்கை நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. மட்டக்களப்பு மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் சமூகத் தணிக்கை, அதாவது தொழிலாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று கொள்வனவாளருக்காகப் பார்ப்பது. பெண் தொழிலாளிகளைத் தமிழில் நேர்காண ஆள் வேண்டும். தொழிற்சாலையின் பெயரையோ ஊரையோ சொல்லப்போவதில்லை. சொன்னால் முழுப் பிழையும் ஒரு கொம்பனியின் தலையில் இறங்கிவிடும். வேறெந்தக் கொம்பனியாக இருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது என்பது என் எண்ணம்.

அங்கே அப்போது தைத்தது வெள்ளைச் சட்டை. செப்டெம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும்போது இங்கிலாந்துப் பிள்ளைகள் போடுவது. சுப்பர் மார்க்கெட்டில் இரண்டிரண்டாகப் பைக்குள் போட்டு விற்பார்கள். துணி சீனாவிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வரும். அங்கிருந்து லொறியில் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி இங்கே வந்து, சட்டையாகி, வந்த வழியே திரும்பிப் போகும். அந்தத் துணியின் பருத்தி எங்கே விளைந்தது என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. 2018-இல் அதை யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. சின்ஜியாங்கில் கட்டாய உழைப்பால் விளைந்த பருத்தி என்று சந்தேகம் வந்தாலே பொருளைத் துறைமுகத்தில் மறிக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது.

காலையில் தையல் கூடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. கொலர் தைக்கும் மெஷினில் ஊசி முறிந்தது. உடனே அந்தப் பிள்ளை கையை உயர்த்தினாள். மெஷின் நின்றது. சூப்பவைசர் ஒரு காந்தக் கட்டையோடு வந்தார். இரண்டு பேரும் குனிந்து, மேசை, நிலம், துணி மடிப்பு எல்லாம் தடவி முறிந்த துண்டுகளைத் தேடினார்கள். கிடைத்த மூன்று துண்டையும் ஒரு கொப்பியில் வரிசையாக வைத்து டேப் ஒட்டி, திகதி, நேரம், மெஷின் இலக்கம் எழுதி, பொருத்திப் பார்த்து, ஊசி முழுசாகச் சேர்ந்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தால் அந்தப் பண்டல் முழுவதும் மறுபடி உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினுக்குப் போகும். சட்டைக்குள் ஊசி நுனி கிடந்து லண்டனில் ஒரு பிள்ளையின் கழுத்தில் குத்திவிடக் கூடாது. நியாயமான கவலைதான். அன்றைக்குத் தேடி முடிக்க ஒன்பது நிமிடம் போனது. அந்த ஒன்பது நிமிடத்தின் டார்கெட்டை யார் கழிப்பார் என்று கேட்டேன். கொலர்காரி சிரித்துவிட்டு மெஷினைப் போட்டாள்.

ஆட்கள்

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978-இல் திறந்தபோது எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் குறைவு. 1992-இல் பிரேமதாச அரசு கிராமம் கிராமமாக 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியபோது கிழக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பெரிய அளவில் இங்கே காமன்ட் (ஆடைத் தொழிற்சாலை) வந்தது 2009-க்குப் பிறகுதான். 2014-இல் மண்முனைப் பாலம் திறந்து படகுப்பாதைக்குக் காத்திருக்கும் தேவை போனதும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பிள்ளைகளையும் பஸ் ஏற்றிக்கொண்டு வர முடிந்தது. 2017 மே மாதம், ஐரோப்பாவுக்கான ஏற்றுமதிக்குரிய ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை திரும்பக் கிடைத்தது.

அந்தச் சலுகையின் கதையையும் சொல்ல வேண்டும். 2005-இல் கிடைத்தது, 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. நிறுத்தியதற்குக் காரணம் தொழிற்சாலைகள் இல்லை. சித்திரவதை, சிறுவர் உரிமை, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய மூன்று உடன்படிக்கைகளை அரசு ஒழுங்காக நடைமுறைப்படுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. எங்கள் மாவட்டத்தில் காணாமல் போனவர்களின் வீடுகளுக்கு அந்தக் குற்றச்சாட்டின் நியாயம் நன்றாகத் தெரியும். அதற்கான விலை ஏற்றுமதிச் சட்டையின் மேல் வரியாக விழுந்ததும், அந்த வரியின் பாரம் தைக்கிறவர்கள் வரை இறங்கக்கூடியது என்பதும் அதே வீடுகளுக்குத் தெரியும். சில வீடுகளில் அம்மா காணாமல் போனோர் போராட்டப் பந்தலில் இருப்பார், மகள் காமன்ட்டில் இருப்பாள்.

ஊரில் "காமன்ட்டுக்குப் போற பிள்ள" என்று சொல்லும் தொனி பத்து வருடத்தில் மாறியிருக்கிறது. முதலில் கலியாணப் பேச்சில் அது ஒரு குறை. பிறகு சம்பளச் சீட்டு இருக்கிறது என்பதால் லீசிங்காரன் மதித்தான், அப்புறம் மாப்பிள்ளை வீடும் மதித்தது. இன்னொன்று, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போக 2013-இல் தடை வந்தது. குவைத்துக்கு பாஸ்போட் எடுத்து வைத்திருந்தவர்கள் சிலர் அந்த பாஸ்போட்டை அலுமாரியில் வைத்துவிட்டு இங்கே வந்தார்கள். தேரில் என்னைக் கேள்வி கேட்டவளும் அப்படி வந்தவள்தான். லண்டனில் யாராவது "பாவம், சுரண்டப்படுகிறாள்" என்று நினைக்கும்போது இவள் மனதில் ஓடுவது வேறு ஒப்பீடு. "அங்க போனா மிஸ், பிள்ளய யாரு பாக்கிற? இஞ்ச எண்டா ராவைக்கு வீட்ட வந்துருவன்."

நேர்காணல்

கொழும்பிலிருந்து வந்த தணிக்கையாளர் ஒரு பெண். நல்ல மனுசி, ஆனால் நேரமில்லாத மனுசி. காலை 9 மணிக்கு வந்து மாலை 5-க்குள் சம்பளக் கோப்பு, தீயணைப்புக் கதவு, மலசலகூடம், மருந்து அறை, நேர்காணல் எல்லாம் முடிக்க வேண்டும். தொழிலாளிகள் 12 பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். இடம், கன்டீனுக்குப் பக்கத்திலிருந்த பயிற்சி அறை. அன்றைக்கு எல்லா ஃபேனும் சுற்றியது, மருந்துப் பெட்டியில் பிளாஸ்டர் புதுசாக இருந்தது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பெண் பார்க்க வரும்போது எந்த வீட்டிலும் முற்றம் கூட்டத்தான் செய்வார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி: மேலதிக நேர வேலை தொழிலாளியின் விருப்பப்படி நடக்கிறதா, கட்டாயத்தின் பேரிலா? பிரித்தானியக் கொள்வனவாளர்கள் பலர் ஏற்றுக்கொண்ட நெறிக்கோவை, ஓ.டி. முழுக்க விருப்பத்தின் பேரில் நடக்க வேண்டும் என்கிறது. விதிவிலக்கு தவிர வாரத்தில் மொத்த வேலை 60 மணியைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இலங்கையில் தொழிற்சாலைப் பெண்களுக்கு மாதம் 60 மணி ஓ.டி. என்ற வரம்பு 2002-இல் வந்த திருத்தம். ஆக இது சின்னக் கேள்வி இல்லை. பிழையென்றால் அறிக்கையில் சிவப்பு.

தொழிற்சாலையின் தாள் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் 3 மணிக்கு லைன் லீடர் ஒரு சம்மதத் தாளைக் கொண்டு வருவார், நிற்கிறவர்கள் கையெழுத்து வைப்பார்கள். மாதக்கணக்கான தாள்கள் ஃபைலில் இருந்தன. அனுபவமுள்ள எந்தத் தணிக்கையாளரும் அவ்வளவு சுத்தமான ஃபைலைக் கண்டால் சந்தேகப்படுவார். இவரும் சந்தேகப்பட்டார். "தாள விடுங்க, அவங்க வாயால சொல்றத கேப்பம்" என்று என்னிடம் சொன்னார்.

நான் கேட்டேன்: "ஓ.டி. கட்டாயமா தங்கச்சி?"

"ஓம் மிஸ், கட்டாயம்."

மொழிபெயர்த்தேன். அவர் எழுதினார். அடுத்தவள் வந்தாள். அதே கேள்வி. "கட்டாயம் மிஸ்." 12 பேரில் 7 பேர் அப்படிச் சொன்னார்கள். மற்ற 5 பேர், "இல்ல மிஸ், ஏலாட்டி சொல்லிட்டுப் போகலாம்" என்றார்கள். தணிக்கையாளர் அந்த 5 பேரும் பயத்தில் மறைக்கிறார்கள் என்று நினைத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

எங்கள் ஊரில் "நாளைக்குக் கட்டாயம் வாங்க" என்று அழைப்போம். "அவர் கட்டாயம் வருவார்" என்றால் சந்தேகமில்லாமல் வருவார் என்று பொருள். வலுக்கட்டாயம் என்று அழுத்திச் சொல்லாவிட்டால் கட்டாயம் என்ற சொல்லில் பாதிக்கு மேல் நிச்சயம்தான் இருக்கிறது. ஓடர் குறைந்த மாதத்தில் ஓ.டி. இருக்குமா இருக்காதா என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தினக் கவலை. "இருக்குமா?" என்று நான் கேட்டதாக நினைத்து, "கட்டாயம் இருக்கும்" என்று திருப்தியோடு சொன்னார்கள். அந்தத் திருப்தி முகத்தில் தெரிந்தது. அதை மொழிபெயர்க்க எனக்குத் தோன்றவில்லை. மொழிபெயர்ப்பாளரின் வேலை வாயைப் பார்ப்பது என்று இருந்துவிட்டேன்.

சுவரில் ஒட்டியிருந்த நெறிக்கோவையின் தமிழ் இதைவிட மோசம். "மேலதிக நேரம் தன்னார்வமாக இருத்தல் வேண்டும்" என்று எழுதியிருந்தது. வருடக்கணக்காகச் சம்பளமில்லாமல் படிப்பித்த தொண்டர் ஆசிரியர்களைப் பார்த்து வளர்ந்த மாகாணம் இது. தேரடியில் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டபோது அவள் சொன்ன பதில்: "தன்னார்வம் எண்டா காசில்லாம செய்யிறதுதானே மிஸ். அத வாசிச்சுப்போட்டுத்தான் நாங்க பயந்து கிடந்தம்."

சிவப்பு பச்சையான விதம்

அறிக்கை போனது. "மேலதிக நேர வேலை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது, நேர்காணப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் உறுதிப்படுத்தினர்." 90 நாளுக்குள் திருத்த நடவடிக்கை. தொழிற்சாலை முகாமைக்கு முன் பல வழிகள் இருந்தன. எல்லாவற்றிலும் இலகுவானதை எடுத்தார்கள், ஜூலையிலிருந்து ஓ.டி.யை அடியோடு நிறுத்தினார்கள். சட்டை ஓடர் அதற்குள் முடிந்திருந்தது, அடுத்த ஓடரின் கப்பல் திகதி மாறவில்லை. பத்து மணி நேரத்தில் தைத்ததில் பெரும்பங்கை எட்டு மணி நேரத்தில் தைக்க வேண்டும். கொலருக்கு மணிக்கு 55 என்றிருந்த டார்கெட் 62 ஆனது. படிவத்தில் அந்த வரி பச்சையானது.

சரியாகச் சொன்னால், பள்ளிச் சட்டை முடிந்த பிறகு ஓ.டி. எப்படியும் குறைந்திருக்கும். இதை முகாமையும் சொன்னது, அதில் உண்மை உண்டு. ஆனால் குறைவது வேறு, பூச்சியமாவது வேறு.

காப்புக் கடையில் நின்றபடி அவள் எனக்குக் கணக்குச் சொன்னாள். அடிப்படைச் சம்பளம் 13,500. ஒரு நாளும் லீவு போடாவிட்டால் வரவுக்கு 2,000. ஓ.டி. மணிக்கு நூறு ரூபாய் சொச்சம், மாதம் 45 மணி நின்றால் நாலாயிரத்து ஐந்நூறு. அவளுக்கு ஒரு நுண்கடன். கிழமைக்கு 1,150, செவ்வாய்க்கிழமை லோன்காரன் வருவான். மாதம் 4,600. ஓ.டி. காசு கைக்கு வந்து அப்படியே லோனுக்குப் போகும், மிச்சத்தில் நூறு ரூபாய் கையிலிருந்து போடுவாள். "இப்ப சம்பளத்தில எடுத்துக் கட்டுறன். பால்மா குறைச்சாச்சு." அந்த வருடம் வரட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசு தள்ளுபடி செய்யப்போவதாக அறிவித்திருந்தது. அதைக் கேட்டேன். "அது கட்டாம விட்டவங்களுக்காம் மிஸ். நாங்க ஒழுங்காக் கட்டிப்போட்டம்."

இவ்வளவையும் கேட்டுவிட்டு, மொழிபெயர்ப்புப் பிழையால் ஒரு நியாயமான ஓ.டி. போனது என்று முடித்துவிடலாம். நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். நேர்காணல் தொடங்குமுன் பேச்சை இலகுவாக்க, "எந்த ஊர்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு ஓரத்தில் குறித்திருந்தேன். "ஏலாட்டிப் போகலாம்" என்ற 5 பேரும் பக்கத்து ஊர்க்காரர், சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வருகிறவர்கள். "கட்டாயம்" என்ற 7 பேரில் 6 பேர் படுவான்கரை. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், வெல்லாவெளிப் பக்கம்.

ஓ.டி. நாளில் கொம்பனி பஸ் ஒரே தடவைதான் போகும், இரவு 7.15-க்கு. 5 மணிக்கு வெளிக்கிட்டால் சந்திக்கு நடந்து, டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து அக்கரைக்கு இன்னொரு பஸ். அது கிடைக்கும் என்று நிச்சயமில்லை. ஓ.டி. வேண்டாம் என்று கையெழுத்து வைக்காமல் இருக்கலாம், யாரும் ஏச மாட்டார்கள். கன்டீன் படியில் குந்தி இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு அதே பஸ்ஸில் போகலாம். காசில்லாமல் குந்தியிருப்பதை விடக் காசுக்குத் தைக்கலாம்தானே. பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீற்றர், வயல் வரம்போடு ஒட்டிய கிரவல் பாதை. அறுவடை முடிந்த காலத்தில் யானை நிற்கும். ஒருத்தியின் அப்பா டோர்ச்சும் யானைவெடியும் கொண்டு சந்தியில் தினமும் காத்து நிற்பாராம். தீயணைப்புக் கதவின் அகலம் எத்தனை என்று படிவம் கேட்டது. இதை யார் கேட்பது?

ஆக அந்த அறிக்கை பிழையான காரணத்தால் சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. படுவான்கரைப் பிள்ளைகளுக்கு அந்த ஓ.டி.யில் நிச்சயம், கட்டாயம் இரண்டும் கலந்திருந்தன. அவர்களுக்கு வேண்டியது 5 மணிக்கு இன்னொரு பஸ். கிடைத்தது எல்லோருக்கும் ஓ.டி. இல்லை என்ற பதில்.

யார் பார்வையில்

உலக விநியோகச் சங்கிலியின் அறம் என்று பேசும்போது பெரிய விபத்துகள் முதலில் ஞாபகம் வரும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அதற்கு முந்திய வருடம் செப்டெம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் தொழிற்சாலை எரிந்து 250-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எரிவதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்குச் சர்வதேசச் சமூகத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. இதை வைத்துத் தணிக்கையே கண்துடைப்பு என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். நான் போன தொழிற்சாலையில் தீக்கதவுகள் பூட்டாமல் திறந்திருந்தன, வயதுச் சான்று இல்லாமல் ஒருத்தியும் இல்லை, சேமலாப நிதிக்குப் பணம் ஒழுங்காகப் போயிருந்தது. யாரோ வந்து பார்ப்பார்கள் என்ற பயம் இல்லாவிட்டால் இதில் எத்தனை நடந்திருக்கும்?

இலங்கை 2006-இலேயே "கார்மென்ட்ஸ் வித்தவுட் கில்ட்" என்று ஒரு பிரசாரம் தொடங்கியது. குற்றவுணர்வில்லாத ஆடை. நல்ல விளம்பரம், பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வாசகத்தைக் கவனித்தால், அதில் யாருடைய உணர்வு பேசப்படுகிறது? வாங்குபவரின் உணர்வு. ஊசிக் கொப்பியும் அதே மாதிரித்தான், பிள்ளையின் கழுத்தைக் காக்கிறது. இரண்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசியின் மூன்று துண்டையும் தேடுகிற கவனத்தில் கால்வாசி பஸ் நேரத்தில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

எனக்கு அதிகம் உறுத்துவது இன்னொன்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடர்களைக் கவனிக்கும் தம்பி ஒருவர் பக்கத்தில் இருந்தார். மே மாதம் ஏன் இவ்வளவு ஓ.டி. என்று சும்மா கேட்டேன். கொலர் நுனி கூராக இருக்க வேண்டுமா, சற்று வட்டமாகவா என்று கொள்வனவாளர் இரண்டு தடவை மாதிரியைத் திருப்பி அனுப்பினாராம். இறுதிச் சம்மதம் வரப் பதினொரு நாள் பிந்தியது. கப்பல் திகதி ஒரு நாள் கூடப் பிந்தவில்லை. கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு தொழிற்சாலையின் தலையில். "பதினொரு நாள எங்க தேடுற அக்கா? ராவில தான்" என்றார், சோற்றைப் பிசைந்தபடி.

தணிக்கைக்குப் பணம் செலவழிக்க வைத்ததும் அதே கொள்வனவாளர், பதினொரு நாளைத் தின்றதும் அவரே. கொலர் நுனிச் சம்மதம் எத்தனை நாள் பிந்தியது என்று கேட்க படிவத்தில் இடமில்லை. தணிக்கை கீழ்நோக்கி மட்டும்தான் பார்க்கும். ரானா பிளாசாவுக்குப் பிறகு பங்களாதேஷில் வந்த தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்பாட்டை நான் மதிப்பதற்குக் காரணம், அதில் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டன, கொள்வனவாளர்களுக்கும் சட்டப்படி கடமை வந்தது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு நெறிமுறை கொண்டு வந்து, அடுத்த வருடமே அதைத் தளர்த்தத் தொடங்கியது. மேலே பார்க்கும் கண்ணாடி இன்னும் முழுதாகச் செய்யப்படவில்லை. 2020-இல் கொரோனா வந்ததும் உலகமெங்கும் பெரிய கடைகள், தைத்து முடித்த ஓடர்களைக் கூட இரத்துச் செய்தன. அந்த மாதங்களில் எந்தத் தணிக்கையாளரும் அந்தக் கடைகளின் கதவைத் தட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொன்று, சின்னது. நேர்காணலில் ஒருத்தி தானாகச் சொன்ன ஒரே முறைப்பாடு கண்ணகி அம்மன் சடங்கு பற்றியது. வைகாசியில் குளுர்த்திக்கு லீவு கேட்டால், கப்பல் கிழமை என்று லைன் லீடர் தரமாட்டார், போனால் 2,000 போகும். வருட லீவு 14 நாள் சட்டப்படி இருக்கிறதா? இருக்கிறது. படிவத்தில் பச்சை. அவள் அம்மன் முகம் பார்க்காமல் அந்த வருடம் தைத்தாள்.

இரண்டாம் தடவை

கொப்பியிலிருந்த ஊர்க் கணக்கை எழுதித் தணிக்கை நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். என் பிழையையும் எழுதினேன். "பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. பிறகு தொழிற்சாலையில் விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கவனிக்கும் கொம்ப்ளையன்ஸ் மிஸ்ஸுக்கு நேரே போன் எடுத்தேன். அவர் ஆரையம்பதி. "எனக்குத் தெரியும் மிஸ், ஆனா ரிப்போட்டில பஸ் எண்டு ஒரு சொல் இல்ல. இல்லாதத வச்சு மேல நான் எப்பிடி காசு கேக்கிற?" என்றார். ஒக்டோபரில் அவரே ஏதோ கதைத்து, கிழமைக்கு மூன்று நாள் 5.15-க்கு ஒரு சின்ன பஸ்ஸை அக்கரைக்கு ஒழுங்கு செய்தார். யாருடைய திருத்தத் திட்டத்திலும் அந்த பஸ் இல்லை. அதன் பிறகு ஓ.டி. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, மாதம் 20, 25 மணி அளவில். டார்கெட் 62-இலிருந்து இறங்கவில்லை.

நவம்பரில் மறுதணிக்கை. தணிக்கையாளர் வேறு ஆள், ஒரு ஆண். மொழிபெயர்ப்பாளர் நானேதான், இங்கே உள்ளவளைக் கூப்பிட்டால் ஹோட்டல் செலவு மிச்சம். கேள்வி அதே கேள்வி. நான் அவரிடம் அனுமதி கேட்டு, இப்படிக் கேட்டேன்: "இண்டைக்கு உங்களுக்கு ஓ.டி. செய்ய மனமில்ல, அஞ்சு மணிக்கு வீட்ட போகணும் எண்டு வைங்க. என்ன செய்வீங்க, எப்பிடிப் போவீங்க?"

முதல் பிள்ளை சொல்லத் தொடங்கினாள். எந்தக் கிழமையில் சின்ன பஸ், எந்தக் கிழமையில் இல்லை, இல்லாத நாளில் யாருடைய ஸ்கூட்டியில் எதுவரை, அங்கிருந்து அப்பா, டோர்ச். நான்கு நிமிடம் போனது. தணிக்கையாளர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு படிவத்தின் அந்த ஒற்றை வரிக்குள் "போக்குவரத்து வசதி பகுதியளவில் உண்டு" என்று சின்ன எழுத்தில் எழுதினார்.

எழும்பும்போது அந்தப் பிள்ளை கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"மிஸ், இத எழுதிப்போட்டு திருப்பி ஓ.டி.ய வெட்டமாட்டாங்கதானே?"

மொழிபெயர்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.